ஒரிஜினல் கார்டு

சங்கமித்ராவின் தலை இரும்புக் கதவுச் சட்டத்தில் மோதியபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. மிக்சி போடுவதற்காக, சுவரில் இருந்த ஒரே பிளக்கிலிருந்து ஷங்கரின் போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டாள். அதுதான் காரணம். அவன் அவளுடைய பின்னங்கழுத்தைப் பிடித்துச் சமையல் தடுப்பிலிருந்து வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தான். தலையைச் சட்டத்தின் விளிம்பில் இரண்டு முறை மோதினான். இரண்டாவது முறை சத்தம் வேறு மாதிரி கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். "மாடிப்படியில வுழுந்துட்டா" என்று மாமியார் ஜானகி சொன்னதை டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் குடியிருந்த சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அங்கே இருந்த அந்த ஒற்றை அறை வீட்டுக்கு மாடியும் இல்லை, படியும் இல்லை.

அப்போது கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. அப்பா கோவிந்தப்பா மாநகராட்சியில் சாக்கடை வேலை பார்த்தவர். புத்தருடைய படத்தின் முன்னால் நின்று மகளுக்குப் பெயர் வைத்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே நுரையீரல் கெட்டு இறந்துபோனார். அடுத்த வருஷம் அம்மாவும். அடிபட்டால் திரும்பிப் போக ஒரு வீடு சங்கமித்ராவுக்கு இல்லை என்பது ஷங்கருக்கு நன்றாகத் தெரியும். அம்மா இருந்தவரை அவன் கையால் மட்டும்தான் அடித்தான்.

தையல் பிரித்து மூன்று மாதம் கழித்து, தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே சரிந்தாள். கண் விழித்தபோது புடவை நனைந்திருந்தது. நாக்கின் ஓரம் கிழிந்திருந்தது. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை இறுக்கி மூடிப் பிடித்திருந்தார்கள். சுற்றி நின்ற கால்களில் ஷங்கரின் கால்களும் இருந்தன.

மூளையில் அடிபட்ட இடத்தில் தழும்பு விழுந்திருக்கிறது, அதனால்தான் ஃபிட்ஸ் வருகிறது என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டாள். "ஆயுசு பூரா" என்றார். ஏழைகளுக்கான பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் ஆஸ்பத்திரியில் எதற்கும் காசு கட்ட வேண்டாம், மாத்திரையும் மாதாமாதம் இலவசம், ஒரிஜினல் கார்டை மட்டும் காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கார்டு ஜானகியின் பெயரில் இருந்தது. வீட்டில் மூத்த பெண் யாரோ அவர்தான் குடும்பத் தலைவி என்பது விதி. பெண்களுக்கு நல்லது என்று நினைத்துப் போட்ட விதிதான். அந்த வீட்டில் அது ஜானகியின் இரும்பு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஷங்கர் கார்டை எடுத்துக்கொண்டு, அவளைத் தான் ஓட்டும் கூட்ஸ் ஆட்டோவின் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போவான். மருந்து கவுண்ட்டரில் கொடுக்கும் அட்டைகளை அவனே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

முதலில் அதை அவள் அக்கறை என்றுதான் நினைத்தாள். அடித்ததற்கு வருத்தப்படுகிறான் போலிருக்கிறது, மறக்காமல் வேளாவேளைக்குக் கொடுக்கிறான் என்று வேலை செய்யும் இடத்தில் பியாட்ரிஸிடம் சொல்லவும் செய்தாள். அடுகோடிப் பக்கம் ஒரு பட்டறையில், அச்சிலிருந்து வரும் ரப்பர் வாஷர்களின் பிசிறை நறுக்கிப் பெட்டியில் அடுக்கும் வேலை இரண்டு பேருக்கும். பியாட்ரிஸ் ஆஸ்டின் டவுனில் தனியாக இருந்த விதவை. நாற்பத்தெட்டு வயது. கேட்டுவிட்டு, "மாத்திரை அவன் பாக்கெட்ல எதுக்கு மித்ரா?" என்று மட்டும் கேட்டாள்.

எதற்கு என்பது ஒரு வருஷத்துக்குள் தெரிந்துவிட்டது. அடிப்பது குறைந்தது. அதற்குத் தேவையே இல்லாமல் போனது. அவனுக்குக் கோபம் வருகிற மாதிரி அவள் ஏதாவது பேசிவிட்டால், அன்று மாலை மாத்திரை வராது. மறுநாள் காலையும் வராது. அவள் கேட்க வேண்டும்.

"இன்னா வேணும்?"

"மாத்திரை."

"இனிமே எதுத்துப் பேச மாட்டேன்னு சொல்லு."

சொல்லுவாள். "கேக்கல" என்பான். சத்தமாகச் சொல்லுவாள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கில் வைப்பான். சில நாள் ஜானகியும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அவன் கொடுக்காமலே விட்டுவிடுவான். இரண்டு நாள், இரண்டரை நாள் ஆகும்போது அவளுக்கு விரல் நுனிகள் துடிக்கத் தொடங்கும். வாயில் பித்தளையை நக்கியது போன்ற ருசி வரும். ஒரு மூலையில் பாயைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களைத் தானே நகர்த்தி வைத்துவிட்டு, படுத்து, அது வருவதற்காகக் காத்திருப்பாள். உடம்பு அவளைத் தூக்கித் தூக்கித் தரையில் அடிக்கும். அவன் ஒரு விரல்கூட அவள்மேல் வைக்க வேண்டியதில்லை.

இப்படி நான்கு வருஷத்துக்கு மேல் ஓடியது. கேட்பவர்களுக்கு, ஏன் பொறுத்துக்கொண்டாள் என்று தோன்றும். அவளிடம் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லுவாள்: "கார்டு அவுங்க கிட்ட இருந்துச்சு."

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பளத்தை நேரே தன்னிடம் கொண்டுவந்து தர வேண்டும் என்று ஜானகி சொன்னாள். சங்கமித்ரா முடியாது என்றாள். அவ்வளவுதான். ஞாயிறு மாலை மாத்திரை இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. இந்தத் தடவை அவளும் கேட்கவில்லை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. வாயில் பித்தளை ருசி வந்தது. அடுப்பை அணைக்க இடது கையை நீட்டினாள். அத்தோடு நினைவு போய்விட்டது.

கை கல்லின்மீது விழுந்து, கல் சரிந்து, கை நெருப்பின்மேல் கிடந்திருக்கிறது. ஜானகிதான் அவளுடைய மயிரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டே, "என் வூட்டுல வந்து சாவப் பாக்கறியா, நாயே" என்று கத்தினாள். உயிரைக் காப்பாற்றியதும் அவள்தான், மூன்று நாளாக மகன் பையில் மாத்திரை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

தீக்காய வார்டில் பதினெட்டு நாள். இடது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடங்கியபடியே நின்றுவிட்டன. டிரெஸ்ஸிங் மாற்றும்போது நர்ஸ் பழைய பஞ்சை உரிப்பாள்; அப்போது எழும் சத்தத்தைத் தாங்க முடியாமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். பியாட்ரிஸ் மட்டும் உட்கார்ந்திருப்பாள். டிஸ்சார்ஜ் அன்று ஷங்கர் ஆட்டோவோடு வாசலில் நின்றான். சங்கமித்ரா வார்டின் பின்பக்கக் கதவு வழியாக, பியாட்ரிஸின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து, பஸ் ஏறி ஆஸ்டின் டவுன் போய்ச் சேர்ந்தாள்.

அவன் அன்று மாலையே போன் செய்தான். திட்டவில்லை. மிக அமைதியாகப் பேசினான்.

"இருந்துக்கோ. எவ்ளோ நாள் இருப்பேன்னு பாக்கறேன். மாத்திரைக்கு இன்னா பண்ணுவ?"

வார்டிலிருந்து கொடுத்தனுப்பிய மாத்திரை முடிந்ததும், அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மருந்து கவுண்ட்டருக்குத் தனியாகப் போனாள். கவுண்ட்டரில் பெருமாள்சாமி. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிற, முகத்தை நிமிர்த்தாமல் சீட்டை மட்டும் பார்க்கிற ஆள்.

"கார்டு?"

"ஜெராக்ஸ் இருக்குது சார். ஒரிஜினல் மாமியார் கிட்ட மாட்டிக்கிச்சு."

"இந்த வாட்டி குடுக்கறேன். அடுத்த வாட்டி ஒரிஜினல் இல்லாம வராதம்மா. ஆடிட்ல என் தலைதான் உருளும்."

அடுத்த தடவை அவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அவள் கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். அழுதாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "எனக்கு அதிகாரம் இல்லம்மா, புரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினார். வெளியே கடையில் வாங்க முடிந்ததை வாங்கி, இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினாள். பியாட்ரிஸுக்குத் தெரியாமல் அந்த ஒன்றையும் பாதியாக உடைத்தாள்.

பதினோராவது நாள் பட்டறையில் விழுந்தாள். கையில் பிசிறு நறுக்கும் பிளேடு இருந்தது. உடம்பு வெட்டி இழுத்தபோது பிளேடு அவளுடைய தொடையிலேயே நான்கு இடத்தில் கோடு கிழித்தது. பிடிக்க வந்த பியாட்ரிஸின் முன்கையையும் கிழித்தது. அடுக்கிவைத்த வாஷர்களின்மேல் ரத்தம் தெறித்தது. முதலாளி நல்லவர்தான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "ஒழுங்கா மாத்திரை சாப்புட்டா வேலைக்கு வாம்மா. இல்லன்னா வேணாம். என் பட்டறையில சாவு வுழக் கூடாது" என்றார்.

அன்று மாலை தொடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பியாட்ரிஸ் சொன்னாள்: "போலீஸுக்குப் போவலாம்."

"போயி? கார்ட வாங்கிக் குடுப்பாங்களா?"

"சொல்லத் தெரியல."

"அப்ப நானே போயி எடுத்துக்கறேன். அதுல எம் பேரும் இருக்குது இல்ல அக்கா?"

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இருவரும் ஸ்ரீராம்புரம் போனார்கள். அந்த நேரத்தில் ஷங்கர் மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பான். கதவு திறந்திருந்தது. ஜானகி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"அத்த, கார்ட குடு. ஆஸ்பத்திரில காட்டிட்டு நானே கொண்டாந்து தரேன்."

"அவன் கிட்ட கேளு."

"உன் பேர்லதான் இருக்குது. நீயே குடு."

"எம் பேர்ல இருக்குதுன்னா எந்துதுன்னு அர்த்தம். வெளிய போ."

சங்கமித்ரா பீரோவின் அருகே போனாள். ஜானகி எழுந்து, ஒட்டிப்போயிருந்த அந்த இடது கையையே பிடித்து, மணிக்கட்டில் கடித்தாள். புதுத்தோல். பல் இறங்கி ரத்தம் வந்தது. சங்கமித்ரா அலறிக்கொண்டே அவளை உதறித் தள்ளினாள். ஜானகி தண்ணீர் டிரம்மின்மேல் போய் விழுந்து, அங்கிருந்தபடியே சந்து முழுவதும் கேட்கக் கூவத் தொடங்கினாள். யாரோ ஷங்கருக்குப் போன் போட்டுவிட்டார்கள். பியாட்ரிஸ் கதவை மூடிக்கொண்டு நின்றாள். சங்கமித்ரா இடிகல்லை எடுத்துப் பீரோவின் பூட்டில் அடித்தாள். ஆறு ஏழு அடியில் கைப்பிடியோடு பிய்ந்து வந்தது. புடவைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில், கார்டு. அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

கதவு உடைந்ததுபோல் திறந்தது. ஷங்கர் முதலில் பியாட்ரிஸின் வாயில் குத்தினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தத்தோடு ஒரு பல்லும் வந்தது. பிறகு பெல்ட்டை உருவினான். பக்கிள் பக்கத்தால் முதுகில், தோளில், காதில். சங்கமித்ரா கீழே விழுந்து, வயிற்றை மறைக்காமல் நெஞ்சை மறைத்துக்கொண்டாள். கார்டு அங்கே இருந்தது. வயிற்றில் உதைத்தான். கூந்தலைக் கையில் சுற்றி அவளைத் தூக்கி நிறுத்தி, வாசல் பக்கம் திருப்பினான்.

"அன்னிக்கி பாதியில வுட்டுட்டேன்டி. இன்னிக்கி அதே எடத்துல முடிக்கறேன்."

சந்தில் இருபது பேர் நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

ஆட்டோவில் விட்டால் திருட்டுப் போகும் என்று ஜாக்கி ராடை அவன் எப்போதும் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பான். சட்டத்துக்குப் பக்கத்தில் அவள் வந்தபோது வலது கைக்கு அது அகப்பட்டது. பார்க்காமலே வீசினாள். முழங்காலில் பட்டது. அவன் கூந்தலை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் ஆடினான். இரண்டாவது அடி அதே முழங்காலில். எலும்பு உடையும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் விழுந்துவிட்டான். எழ முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. கையைத் தூக்கி, "வேணாம் மித்ரா, வேணாம்" என்றான். அவள் மூன்றாவது தடவையும் அடித்தாள்.

அந்த மூன்றாவது அடியைப் பற்றி அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. போலீஸிடமும் அப்படியே சொன்னாள். மொதோ ரெண்டு அடி தப்பிக்கறதுக்கு, மூணாவது அஞ்சு வருஷத்துக்கு.

ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் கேஸ் எழுதினார்கள். அவன் மேல் ஒன்று, அவள் மேல் ஒன்று. சம்பவ இடத்தில் கைப்பற்றியவை என்று ராடு, உடைந்த பூட்டு, பெல்ட், இடிகல் எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பட்டியல் எழுதினார்கள். பெண் கான்ஸ்டபிள் அவளைச் சோதித்தபோது ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கார்டு வந்தது. உறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. எஸ்.ஐ. அதையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். பீரோவை உடைத்துத் திருடியதாக ஜானகி புகார் கொடுத்திருந்தாள். கார்டு இனிமேல் கோர்ட்டுக்குப் போகும்.

"சார், அது வேணும் சார். அதக் காட்னாதான் மாத்திரை."

"கோர்ட்ல கேளு."

"கோர்ட்டு எப்ப?"

அவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். கான்ஸ்டபிள் கார்டை ஒரு காகித உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சங்கமித்ராவுக்கு வாயில் பித்தளை ருசி வந்தது. பெஞ்சைப் பிடித்தாள். பிடி நழுவியது.

இந்தத் தடவை ஒன்று நின்றதும் மறுபடி ஒன்று வந்தது. இடையில் நினைவு திரும்பவில்லை. வாயில் நுரையும் ரத்தமும். எஸ்.ஐ.யே எழுந்து வந்து கால்களைப் பிடித்தார். ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேஷுவாலிட்டியில் ஊசி போட்டு நிறுத்த முக்கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை அவள் கட்டிலுக்கு ஆர்.எம்.ஓ. வந்தார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் டாக்டர். வீணா என்று கோட்டில் பெயர். ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் மயங்கி வந்தால் ஆர்.எம்.ஓ. நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பதால் வந்தார். அதற்கு மேல் அக்கறை எதுவும் முகத்தில் இல்லை. கன்னடத்தில் கேட்டார். சங்கமித்ரா கன்னடத்திலேயே பதில் சொன்னாள்.

"மாத்திரையை ஏன் நிறுத்தினாய்?"

"நான் நிறுத்தவில்லை. உங்கள் கவுண்ட்டரில் நிறுத்தினார்கள்."

"கார்டு எங்கே?"

"ஸ்டேஷனில்."

டாக்டர் காவலுக்கு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் எழுந்து நின்று, "ஆமாம் மேடம், நான்தான் சீல் வைத்தேன்" என்றாள்.

டாக்டர் வீணா அவளுடைய முதுகைத் திருப்பிப் பார்த்தார். பக்கிள் பட்ட இடங்களை எண்ணி எழுதினார். இடது கையைப் பார்த்தார். தலைமுடியை விலக்கிப் பழைய தையலைப் பார்த்தார். "இது எப்படி?" என்றார். "மாடிப்படி" என்று சொல்ல வாய் எடுத்தவள், நிறுத்தி, உண்மையைச் சொன்னாள். அதையும் எழுதினார். பிறகு அவளுடைய ஓ.பி. புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: நீண்டகால நோயாளி. கார்டு கேட்க வேண்டியதில்லை. எல்லா மருந்தும் இலவசம். மறு உத்தரவு வரும்வரை. கையெழுத்து. சீல்.

"இது செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?"

"முன்பிருந்தே இருக்கிறது."

"அப்போ ரெண்டு மாசம் முன்னாடி யாரும் எங்கிட்ட சொல்லல" என்று சங்கமித்ரா தமிழில் சொன்னாள். டாக்டருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஜாமீனில் வந்த பிறகு முதல் செவ்வாய்க்கிழமை அவள் புத்தகத்தைக் கவுண்ட்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். பெருமாள்சாமி சிவப்பு மையைப் படித்தார். முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"ஆர்.எம்.ஓ. ரூம் மொதோ மாடியில இருக்குதும்மா. உன்ன அங்க அனுப்பியிருக்கலாம். நெனப்பு வரல."

அட்டைகளை எண்ணிக் கொடுத்தார். அறுபது மாத்திரை. அவற்றைத் தன்னுடைய பையில், தன்னுடைய கையால் போட்டுக்கொண்டாள்.

ஷங்கருக்கும் ஜாமீன் கிடைத்தது. முழங்காலில் ஸ்டீல் பிளேட் வைத்திருந்தார்கள். கேஸை வாபஸ் வாங்கு, நானும் வாங்குகிறேன் என்று ஆள்விட்டான். அவள் மறுத்தாள். அதற்கடுத்த முதல் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊன்றுகோலோடு மருந்து வரிசைக்கே வந்துவிட்டான்.

வரிசையில் அறுபது பேராவது இருப்பார்கள். சர்க்கரைக்காரர்கள், டயாலிசிஸுக்கு வந்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், ரத்தக்கொதிப்புக்காரர்கள். சங்கமித்ரா கவுண்ட்டரை நெருங்கியிருந்தாள். அவன் பின்னால் வந்து அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, முதல் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றான்.

"இப்ப வாங்குடி மாத்திரை."

அவள் பாய்ந்து அவனுடைய தாடையைப் பிடித்தாள். ஊன்றுகோல் நழுவியது. இருவரும் விழுந்தார்கள். அவன் பாக்கெட்டிலிருந்து பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்ததைப் பெருமாள்சாமி கண்ணாடி வழியாகப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து, அவளுக்கும் கத்திக்கும் நடுவே கையை நீட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. வெள்ளைக் கோட்டின் கை ஒரு நொடியில் சிவந்து, தரையில் சொட்டத் தொடங்கியது.

அதற்குப் பிறகு வரிசை கலைந்தது. கால்விரல் எடுத்த ஒரு கிழவர் செருப்பைக் கழற்றி முதல் அடி அடித்தார். கையில் டயாலிசிஸ் ஊசித் தழும்புகளோடு இருந்தவன் கத்தி பிடித்த கையை மிதித்தான். இரண்டு மாடி ஏற மூச்சு வாங்குகிற பெண்கள் கைப்பையால், தண்ணீர் பாட்டிலால், கைத்தடியால், அவனுடைய ஊன்றுகோலாலேயே அடித்தார்கள். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் அந்த வரிசையில் நின்ற எரிச்சல் எல்லாம் அந்த அடிகளில் இருந்தது. ஷங்கரின் நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அவன் கத்துவதை நிறுத்திய பிறகும் அடித்தார்கள்.

சங்கமித்ரா சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது என்று பியாட்ரிஸிடம் அன்று மாலையே ஒப்புக்கொண்டாள். அவன் உடம்பு ஒரு முறை வெட்டி இழுத்தது. அந்த அசைவு அவளுக்குத் தெரிந்த அசைவு. அப்போதுதான் கூட்டத்துக்குள் புகுந்து அவன்மேல் குனிந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் கத்தினாள்.

"போதும்! வுடுங்க! செத்துட்டான்னா எல்லாரும் உள்ள போவீங்க. அப்புறம் யாரு வந்து மாத்திரை வாங்கறது?"

கிழவர் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.

அவன் சாகவில்லை. பதின்மூன்று வருஷம் மனைவியை அடித்ததற்கு ஒரு மாதம்கூட உள்ளே இருக்காதவன், வேலையில் இருந்த அரசு ஊழியரைக் கத்தியால் கிழித்ததற்கு ஜாமீன் கிடைக்காமல் ஒன்பது மாதமாக உள்ளே இருக்கிறான். இதைச் சொல்லும்போது சங்கமித்ராவுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். "அந்த சார் கைக்கு இருக்கற வெல எந்தலைக்கு இல்ல பாருங்க" என்பாள். ஆனால் பெருமாள்சாமியை அவள் குறை சொல்வதில்லை. தையல் போட்டுக்கொண்டு, இடது கையால் மனு எழுதி, மறுநாளே அவளுடைய புத்தகத்தை ஆர்.எம்.ஓ.விடம் அவரே எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக எழுதி வாங்கி வந்தார். கவுண்ட்டர் கண்ணாடியில் ஒரு காகிதமும் ஒட்டினார்: 'கார்டு இல்லாதவர்கள் முதல் மாடிக்குச் சென்று ஆர்.எம்.ஓ.வைப் பார்க்கவும்.' கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. எழுத்துகள் கோணலாக இருந்தன. வலது கை இன்னும் சரியாகவில்லை.

அவள் மேல் இருக்கும் கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. முழங்காலை உடைத்ததற்கு என்ன தண்டனை வரும் என்று வக்கீலுக்கே உறுதியாகத் தெரியவில்லை. மூன்றாவது அடியைப் பற்றிக் கோர்ட்டில் பேச வேண்டாம் என்கிறார் அவர். கேட்டால் சொல்லிவிடுவேன் என்கிறாள் இவள். ஜானகி தனியாக அந்த ஒற்றை அறையில் இருக்கிறாள். கார்டு கோர்ட்டில் இருப்பதால் அவளுக்கு ரேஷன் அரிசி வாங்குவதும் கஷ்டம். அதைக் கேள்விப்பட்டபோது சங்கமித்ரா பேச்சை மாற்றினாள்.

பத்து மாதத்துக்கு மேலாக ஃபிட்ஸ் இல்லை. பட்டறையில் அவளுக்கு இப்போது பிளேடு வேலை கிடையாது. எண்ணி அடுக்குவது மட்டும். ஒட்டிய விரல்களுக்கு நடுவே வாஷர்களைக் கோத்து எடுக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். மற்றவர்களைவிட வேகமாக வருகிறது. பியாட்ரிஸ் பல் கட்டிக்கொள்ளவில்லை. சிரித்தால் அந்த இடைவெளி தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும்போது மத்தி வாங்கி வருவாள். யார் சுத்தம் செய்வது என்பதில் இரண்டு பேருக்கும் தவறாமல் சண்டை வரும். சத்தம் பெரிதானால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்ல, மீனு" என்று சங்கமித்ரா ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்லுவாள்.